பாலாற்றுப் படுகை ஏரிகளில் உப்பும் பறவையும்: மாதனூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே, பாலாற்றங்கரையில் இருக்கிறது மாதனூர். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த ஊராட்சி ஒன்றியம் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பாலாற்றின் 348 கி.மீ. நீளத்தில் 222 கி.மீ. தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஓடுகிறது என்பது பேச்சுக்குத்தான். ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல். நீர்ப்பறவைக்கு இரையும் கூடும் தருபவை இந்தப் பகுதியின் ஏரிகளே.

ஏரிப் பாதுகாப்பு என்றதும் ஆக்கிரமிப்பு, தூர்வாருதல் ஆகிய இரண்டைத்தான் பேசுகிறோம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் தோல் பதனிடும் இந்தப் பகுதியில் அவற்றைவிட அவசரமானது நீரில் கரைந்துள்ள உப்பு. அதை அளக்காத எந்தத் திட்டமும் இங்கே பறவைக்கு உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. உப்பு வரும் வழி

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தூவித்தான் அடுக்குகிறார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. அந்தக் கழுவுநீரில்தான் உப்பு மிகுதி. அதன் பிறகு சுண்ணாம்பு, அமிலம், குரோமியம் என்று ஒவ்வொரு கட்டமும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிட்டது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தபடி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாகப் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் தரப்பட்டது. குரோமியப் பதனீடு பரவியது. கழிவின் அளவும் தன்மையும் மாறின.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின் நிலைமை ஓரளவு சீரானது உண்மை. குரோமியத்தைப் பிரித்து மீட்க முடிகிறது. அழுகும் கழிவை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்காகத்தான் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் வந்தன. அவை நீரை மீட்டுத் தருகின்றன. மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே போடுவது என்பதற்குத் தெளிவான விடை இன்னும் இல்லை. மூட்டையில் கிடக்கும் உப்பும் வெயிலில் காயும் பாத்திகளின் உப்பும் ஒரு பெருமழைக்குக் கரைந்துவிடும். மழைநாளில் ஆற்றில் நுரை பொங்குகிறது என்ற புகார் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் திரும்பத் திரும்ப எழுவதை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பல்லாண்டுகளாக மண்ணில் இறங்கிய பழைய உப்பு தனிக் கணக்கு. அது நிலத்தடி நீர் வழியே கசிகிறது.

ஏரிக்குள் நடப்பது இன்னும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது உப்பு நீர்த்துப்போகும். கலங்கல் தாண்டிக் கோடி போனால் ஓரளவு அடித்துச் செல்லப்படும். 2021 நவம்பர் வெள்ளம் போன்ற ஒன்று பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. மற்ற ஆண்டுகளில் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். ஆவியாகியே நீர் பாதியானால், கரைந்திருக்கும் உப்பின் செறிவு இரட்டிப்பாகும். நாரை, கொக்கு, நீர்க்காகம் ஆகியவை மழைக்குப் பின் கூடு கட்டி, குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவது பெரும்பாலும் சனவரி முதல் மார்ச் வரை. ஏரி சுருங்கி உப்பு ஏறும் மாதங்களும் அவையே.

நத்தைகுத்தி நாரையின் முதன்மை இரை நன்னீர் நத்தை. உப்பு ஏறினால் நத்தை குறையும். தவளை முட்டையும் மீன்குஞ்சும் தப்புவது கடினம். தாழைக்கோழியும் இலைக்கோழியும் வாழும் அல்லியும் நீர்ப்பாசிச் செடிகளும் கருகும். வாத்துகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு. பொரிந்து சில நாளே ஆன குஞ்சுகளுக்கு அது முழுத்திறனோடு வேலை செய்வதில்லை.

3. தலைக்கணக்கு ஏன் போதாது

ஆண்டுதோறும் வனத்துறையும் பறவை ஆர்வலர்களும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். போற்றத்தக்க பணி. ஆனால் ‘பறவை வருகிறது, ஆகவே ஏரி நலம்’ என்ற முடிவுக்கு அதிலிருந்து தாவ முடியாது. நெடுங்கால் உள்ளான் உவர்நீரிலும் சாக்கடையிலும் கூட்டமாக மேயும். அதன் எண்ணிக்கை கூடி, முக்குளிப்பானும் இலைக்கோழியும் குறைந்தால் மொத்தத் தொகை மாறாமலே ஏரி கெட்டிருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கெஸ்டர்சன் நீர்த்தேக்கம் தந்த பாடம் கடுமையானது. வயல்களின் வடிகால் நீரைத் தேக்கிய அந்த இடத்துக்குப் பறவைகள் திரளாக வந்தன. செலினியம் என்ற தனிமம் அங்கே சேர்ந்திருந்தது. 1983இல் நாமக்கோழி, வாத்துக் குஞ்சுகள் கண்ணும் அலகும் காலும் கோணி முட்டையிலேயே கிடந்தன. வரும் பறவையை எண்ணினால் போதாது. பொரிந்து பறந்த குஞ்சையும் எண்ண வேண்டும்.

4. சட்டம் விட்டுவைத்த இடைவெளி

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டதை அது பதிவு செய்தது. 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம், இழப்பீட்டையும் சீரமைப்பையும் முடிக்கக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னது. இடையே 28 ஆண்டுகள் கடந்திருந்தன. உழவருக்கே இந்தத் தாமதம் என்றால், மனுப் போடத் தெரியாத நாரைக்கு என்ன கதி?

2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. நம் ஏரிகள் ஏறத்தாழ எல்லாமே பாசனத்துக்காகக் கட்டியவை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை மட்டும் பார்க்கிறது. எல்லைக்கல்லுக்குள் இருக்கும் நீர் எப்படிப்பட்டது என்று அது கேட்பதில்லை.

5. இரு முன்மாதிரிகள்

வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். ஏறத்தாழ 30 ஹெக்டேர். பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்று கண்ட ஊரார், சுட வந்தவர்களை எதிர்த்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் காப்பு ஆணை பெற்றார்கள். 2022இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, ஆனது.

மாதனூருக்கு அதைவிட நெருக்கமானது திருப்பூர் நஞ்சராயன் குளம். சாயக்கழிவின் பாதிப்பைச் சுமந்த ஊரில் இருக்கும் அந்தக் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. தொழில் நகரத்துக் குளத்தையும் காக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

6. செய்யத்தக்கவை

தூர்வாரும்போது ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டக் கூடாது. நீரில் நடந்து மேயும் பறவைகளுக்கு ஆழமற்ற நீர் வேண்டும். எடுக்கும் மண்ணில் திட்டுகள் அமைத்து நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும் நட வேண்டும். ஏரிக்குள் வளர்த்த கருவேல மரங்களை ஏலம் விட்டு வெட்டுவதைக் குஞ்சுகள் பறந்துபோகும் வரை நிறுத்திவைக்க வேண்டும். சீமைக்கருவேலத்தைக்கூட மாற்று மரம் வளர்ந்தபின் படிப்படியாக அகற்றுவதே நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உப்புக் கணக்கு. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு கொண்ட ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. உப்பை அளக்கும் கையடக்க அளவுமானி ஒன்றை வாங்குவது ஒன்றியத்துக்குப் பெரிய செலவில்லை. கிராம சபை கூடும் நாட்களில் நவம்பர் 1 மழைக்காலத்தில் வருகிறது. மார்ச் 22 குஞ்சுகள் வளர்ந்து முடியும் வேளையில் வருகிறது. அந்த இரு நாளும் நம் ஏரியின் உப்பு அளவைச் சபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மாதனூர் ஒன்றியத்து ஊராட்சிகள் வரும் நவம்பரிலேயே இதைத் தொடங்க வேண்டும்.