சரக்கின் பாதையும் மக்களின் பாதையும்: பேராக் தமிழரின் போக்குவரத்து வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கப்பற்பயணத்தையும் தோட்ட வாழ்வையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால், துறைமுகத்திலிருந்து தோட்டத்திற்கும் தோட்டத்திலிருந்து நகரத்திற்கும் சென்ற பாதைகள் அத்துணைக் கவனம் பெறவில்லை. அப்பாதைகளை அமைத்த உழைப்பில் தமிழரின் பங்கு பெரிது. எனினும், அவை தமிழரின் போக்குவரத்தைக் கருதி அமைக்கப்பட்டவை அல்ல. ஈயத்தையும் இரப்பரையும் கருதி அமைக்கப்பட்டவை. இதன் விளைவு, ஈப்போ நகரிலும் அதனைச் சூழ்ந்த முன்னாள் தோட்டங்களிலும் இன்றளவும் தொடர்வதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஈயமும் இருப்புப்பாதையும்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. போர்ட் வெல்டு இன்று கோலா செபெத்தாங் என வழங்குகிறது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். சுரங்கத்து ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் நோக்கம். 1890களில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈப்போவையும் தெலுக் ஆன்சனையும் (இன்றைய தெலுக் இந்தான்) இணைத்த பாதைக்கும் அதுவே நோக்கமாயிற்று. 1901இல் கூட்டு மலாய் மாநில இரயில்வே உருவாயிற்று. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்பாதை அமைந்தது. கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்த ஈப்போ நிலையக் கட்டடம் 1917இல் நிறைவுற்றது.

இவ்விரயில்வேயில் யாழ்ப்பாணத் தமிழர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர்; தண்டவாளப் பணியில் தென்னிந்தியத் தொழிலாளர் உழைத்தனர். ஒரே மொழி பேசியோர் ஒரே துறையில் இருவேறு நிலைகளில் வாழ்ந்தனர் என்பது கருதத்தக்கது. நிலையத்திற்கு மேற்கே புந்தோங் வட்டாரத்தில் தமிழர் குடியிருப்பு வேரூன்றியது. புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோவின் கல்லுமலை முருகன் ஆலயத்திற்குச் செல்லும் தைப்பூச இரத ஊர்வலத்தில், நகரத்துச் சாலையை மக்கள் தமக்குரியதாகவே ஆக்கிக்கொள்கின்றனர்.

தோட்டமும் அதன் எல்லையும்

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தோட்டங்களுக்கு வழிவகுத்தன. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு முதலாளிமார் பணம் செலுத்தினர். கங்காணி திரட்டிய தொழிலாளர் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கை அடைந்து, ஜெரஜாக் தீவில் தடுப்புக்காவல் கழிந்தபின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்திற்கு வரும் பயணச் செலவை நிதி ஏற்றது. தோட்டத்தைவிட்டு வெளியே செல்லும் பயணத்தைத் தொழிலாளியே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு பின்னைய வரலாற்றைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

லயம், கோயில், மளிகைக் கடை, மருந்தகம், கள்ளுக்கடை ஆகிய அனைத்தும் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி பள்ளிப் பருவப் பிள்ளைகள் பதின்மர் இருந்த தோட்டத்தில் பள்ளி அமைத்தல் கடமையாயிற்று. நடந்து செல்லும் தொலைவில் தமிழ்ப்பள்ளி கிடைத்தது பெரும்பேறே. எனினும், தோட்டம் உள்ளவரையில்தான் அப்பள்ளிக்கு மாணவர் உண்டு என்னும் நிலையும் அதனோடு பிறந்தது.

மக்கள் தம் விருப்பமின்றியும் இடம்பெயர்க்கப்பட்டனர். சப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பலர் சயாம்-பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் பலர். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் பிறந்தது. தோட்ட மக்கள் முள்வேலிக்குள் ஒருங்கு குடியமர்த்தப்பட்டதும், ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நடமாட்டத்தைச் சுருக்கியதும் 1960 வரை நீண்ட அக்காலத்தின் அனுபவங்கள்.

நகர வளர்ச்சியும் குறுந்தொலைவுப் பயணமும்

1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கின. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தமை, தொழிலாளரே நிலவுடைமையாளர் ஆக வேண்டும் என்னும் நோக்கில் எழுந்த முயற்சியாகும். ஆயினும், செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் இரப்பர் நிலத்தைப் படிப்படியாகப் பற்றிக்கொண்டன. 1985இல் ஈய விலை வீழ்ந்தது. 1988இல் ஈப்போ மாநகரத் தகுதி பெற்றது.

அதன்பின் நெடுந்தொலைவுப் பயணம் எளிதாயிற்று. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 2010இல் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 2012இல் வெளியூர்ப் பேருந்துகளுக்கென அமான்ஜெயா முனையம் நகர மையத்திற்கு வெளியே மேரு ராயாவில் திறக்கப்பட்டது. ஆனால், முன்னாள் தோட்டத்தில் தங்கிவிட்ட மூதாட்டிக்குத் தேவை கோலாலம்பூர்ப் பயணம் அன்று. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்வரும் பயணமே.

மோட்டார் சைக்கிளும் மகிழுந்தும் இக்குறையைத் தீர்த்துவிட்டன என்பாருமுளர். ஓட்டுவதற்கு ஆளும் வசதியும் உள்ள குடும்பத்திற்கு அது பொருந்தும். முதியோருக்கும் உரிமம் பெறாத பெண்டிர்க்கும் மாணவர்க்கும் அது பொருந்தாது. பெற்றோர் நகரத்துத் தாமான்களில் குடியேற, தமிழ்ப்பள்ளி பழைய தோட்ட நிலத்திலேயே நின்றுவிடும்போது, மாதந்தோறும் செலுத்தும் பள்ளி வேன் கட்டணமும் பள்ளித் தேர்வைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாகிறது. 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது மொழிப்பற்றின் குறையை மட்டும் சுட்டுதல் முழுமையான விளக்கமாகாது.

முடிவுரை

சரக்கு சென்ற வழியே மக்கள் குடியமர்ந்தனர். சரக்கு மாறியபோது வழியும் மாறிற்று. மக்களும் பள்ளிகளும் வெவ்வேறிடங்களில் நின்றுவிட்டனர். இதனை உணர்ந்தால் இரு கடமைகள் தெளிவாகும். தமிழ்ப்பள்ளிகளை இடமாற்றும் திட்டங்கள் கட்டடத்தோடு நில்லாமல், மாணவர் வந்துசேரும் வழியையும் கணக்கிற் கொள்ள வேண்டும். அத்துடன், தண்டவாளத் தொழிலாளர், பேருந்து ஓட்டுநர், தோட்ட லாரியில் பயணித்தோர் ஆகியோரின் நினைவுகளை ஆய்வு மாணவர் வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்ய வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம், 'உன் பாட்டி ஊருக்குள் எப்படிப் போய்வந்தார்?' என்று கேட்கச் சொல்வதே இவ்வாய்வின் நல்ல தொடக்கமாகும்.