பொன்மலையில் பிறந்த எஞ்சின்

பழைய கார் வைத்திருப்பவருக்குத் தெரியும்: செய்த கம்பெனியே மூடிவிட்டால், ஒரு கியர் பல் உடைந்தாலும் வண்டி ஷெட்டிலேயே நிற்கும். நீலகிரி மலை ரயிலுக்கும் அந்தக் கவலைதான். அதன் 'எக்ஸ்' ரக நீராவி எஞ்சின்கள் 1914 முதல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை; கடைசித் தொகுதி வந்தது 1952-இல். அதன்பின் உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

திருச்சிக்கு.

நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து, 1928-இல் திருச்சியின் பொன்மலையில் அமைந்தது ரயில்வே பணிமனை. அங்கே பழுதுபார்க்கப்படும் எக்ஸ் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு, சக்கரங்களை உருட்டும். மற்ற இரண்டு, தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்சட்டத்தைக் கவ்வி ஏறும் பல்சக்கரத்தைச் சுழற்றும். அந்தப் பற்கள் தேய்ந்தால் கல்லாறு–குன்னூர் ஏற்றம் கிடையாது. உதிரிபாகங்களோடு பொன்மலை நிற்கவில்லை. 2011-இல் பொன்மலைத் தொழிலாளர்கள் எண்ணெயில் ஓடும் புது எக்ஸ் எஞ்சினையே முழுதாகக் கட்டி மலைக்கு அனுப்பினார்கள். பின்னர் நிலக்கரியில் ஓடுவதும் அங்கேயே உருவானது.