லக்சமானா என்னும் பதவிப் பெயர்



நாம் பாடம் சொல்லும் தோட்டப் பள்ளியில் ஒரு நாள் மலாக்கா வரலாறு நடந்துகொண்டிருந்தது. ‘லக்சமானா ஹங் துவா’ என்று வாசித்ததும், பால்மரம் வெட்டும் ஒருவரின் மகன் எழுந்து நின்றான். அவன் பெயர் லெட்சுமணன். “சார், அவருக்கும் என் பேரா?” என்றான். வகுப்பே சிரித்தது. பையன் கேட்டதில் பிழையில்லை.

லக்சமானா என்பது ஹங் துவாவின் பெயர் அன்று. அவர் வகித்த பதவி. கடற்படைத் தலைவர் என்று பொருள். ஆனால் அச்சொல் வந்த வழி நாமெல்லாரும் அறிந்த இராமாயணந்தான். இராமனின் தம்பி பெயர் வடமொழியிலிருந்து மலாய் மொழிக்குள் சென்று லக்சமானா ஆயிற்று. ‘ஹிக்காயத் ஸ்ரீ ராமா’ என்றே ஒரு பழைய மலாய் நூல் உண்டு.

தம்பியின் பெயர் பதவிப் பெயரானது எப்படி? பதினான்கு ஆண்டுகள் அண்ணனுக்குக் காவலாக வில்லேந்தி நின்றவன் இலட்சுமணன். அரசருக்கு அருகே நின்று காப்பவருக்கு அப்பெயர் தகும் என்று எண்ணியிருப்பார்கள் என்பது நம் கருத்து.

மலாக்கா அரசில் லக்சமானா நான்கு பெரும் பதவிகளுள் ஒருவர். முதல் அமைச்சர் பெண்டஹாரா. (அச்சொல்லும் நம் ‘பண்டாரம்’ என்ற சொல்லுக்கு உறவுதான்!) கப்பல்களை நடத்துவதும், சுல்தானைக் காப்பதும், பிற நாடுகளுக்குத் தூது செல்வதும் லக்சமானாவின் வேலைகள்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தனர். பதவி மட்டும் அழியவில்லை. ஜொகூரில் இருந்தது. ஆச்சேயில் மலாஹாயாத்தி என்ற பெண்மணியே லக்சமானாவாக இருந்தார். போரில் கணவரை இழந்த பெண்களைத் திரட்டிப் படை நடத்தியவர் என்று சொல்லப்படுகிறது.

பேராக்கில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே ஆற்றில் ஏறி இறங்கும் பொருள்களுக்கு வரி வாங்குவது லக்சமானா போன்ற தலைவர்களின் பிழைப்பு. ஆங்கிலேய ரெசிடெண்ட் பர்ச் அந்த உரிமையில் கைவைத்தார். 1875 நவம்பரில் பாசீர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். அதற்கு உடந்தை என்று சுல்தான் அப்துல்லாவையும் லக்சமானா முகமது அமினையும் 1877இல் கடல் கடந்து செய்செல்ஸ் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். கடலுக்குத் தலைவர் என்ற பட்டம் பெற்றவரைக் கடல் நடுவிலேயே சிறைவைத்தார்கள்! 1999இல் நம் கடற்படையில் சேர்ந்த போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘லக்சமானா முகமது அமின்’ என்று பெயர்.

அதே கடற்படைக்கு 1967இல் முதல் மலேசியத் தலைவராக வந்தவர் ஒரு தமிழர், திரு. கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. பின்னர் ‘லக்சமானா மூடா’ என்ற பதவி பெற்றார். இதை வகுப்பில் சொன்னபோது ‘மூடா’ என்ற சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நமக்கும் சிரிப்பு வந்தது. மலாயில் அதற்கு ‘இளைய’ என்று பொருள்.

லெட்சுமணன் மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ ‘பெர்த்தாமா’ன்னா முதலாவதுதானே சார்? அதுதானே பெரிசு?” என்றான். பெரியவர்களும் இங்கே தடுமாறுவதுண்டு. லக்சமானா பெர்த்தாமாதான் இவற்றில் முதற்படி. அதற்கு மேல் லக்சமானா மூடா, அதற்கும் மேல் லக்சமானா மட்யா. எந்த அடைமொழியும் இல்லாமல் வெறுமனே லக்சமானா என்பவர் இம்மூவருக்கும் மேலானவர். கரும்பலகையில் நான்கையும் கீழிருந்து மேலாக எழுதினோம். உச்சியில் இருந்த பெயரை லெட்சுமணன்தான் வாசித்தான்.