பாலாறும் தொண்டை நாட்டு வரலாறும்

தமிழகத்து ஆறுகளைப் புகழ்ந்து பேசப் புகுவோர் காவிரியை முதலில் வைப்பர். வையையையும் பொருநையையும் அதற்கு அடுத்து வைப்பர். தொண்டை நாட்டின் பேராறாகிய பாலாறு அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. ஆண்டின் பெரும்பகுதியும் வெறும் மணற்பரப்பாகக் கிடக்கும் ஓர் ஆற்றுக்குப் பெருமை ஏது என்று கேட்பாரும் உளர். ஆயினும் இவ்வாற்றின் கரைகளில் தலைநகரங்கள் எழுந்தன, பேரரசுகள் மோதின, புலவர் பாடினர். அவற்றுள் சிலவற்றை நேயர்கள் முன் வைத்து, அவை இன்று நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் கூற விரும்புகின்றேன்.

பாலாறு கன்னட நாட்டு நந்தி மலைப் பகுதியில் தோன்றுகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். அதில் 93 கிலோமீட்டர் கருநாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சி, செங்கற்பட்டு ஆகிய ஊர்களின் அருகே ஓடி வரும் ஆறு, வாலாசாபாத்தை அடுத்த திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, வயலூருக்கருகே கடலிற் கலக்கின்றது. எங்கள் திருப்போரூரிலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கி மாமல்லபுரத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் கடந்து சென்றால் அக்கழிமுகத்தைக் காணலாம்.

கழிமுகத்திலிருந்தே வரலாற்றைத் தொடங்குவோம். அங்குள்ள வசவசமுத்திரம் என்னும் சிற்றூரில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் நிகழ்த்திய அகழாய்வில், உரோம நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த பகுதிகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. மேலை நாட்டுக் கலங்கள் இவ்வாற்று முகத்தை நாடி வந்தன என்பதற்கு அவை சான்றாகும். அருகேயுள்ள வயலூரில் பல்லவ மன்னன் இராசசிம்மனின் தூண் கல்வெட்டு ஒன்று உள்ளது. பிரமனிலிருந்து தொடங்கித் தன் காலம் வரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முன்னோர் பெயர்களை அவன் அதில் வரிசைப்படுத்தினான். தன் குலத்தின் நீண்ட மரபைப் பொறிக்கக் காஞ்சி மாநகரத்தை மட்டுமன்றி, ஆறு கடலிற் சேரும் இடத்தையும் அவன் தேர்ந்தெடுத்தமை கருதத்தக்கது.

இனிப் போர்ச் செய்திகளைக் காண்போம். முருகப்பெருமான் அசுரரோடு பொருத இடம் என்று புராணம் கூறும் போரூரில் வாழ்பவன் நான். ஆதலின் போரைப் பற்றிப் பேசுவது எனக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி தொண்டை நாட்டின்மேற் படையெடுத்தான். பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்ததாகப் புலிகேசியின் அய்கொளெக் கல்வெட்டுக் கூறுகின்றது. மகேந்திரவர்மன் காஞ்சிக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்று பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு கூறுகின்றது. இரு தரப்பாரும் தத்தம் வெற்றியையே எழுதினர். வரலாறு கற்போர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. பின்னர் மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன் மணிமங்கலம் முதலிய இடங்களில் புலிகேசியை முறியடித்து, கி.பி. 642ஆம் ஆண்டளவில் வாதாபியையும் கைக்கொண்டான்.

அவன் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது கூரம் செப்பேடு. சாளுக்கிய விக்கிரமாதித்தனின் பெரும்படையைச் சிதறடித்து, அவனைக் கந்தல் ஒன்றே போர்த்து ஓடுமாறு செய்த செய்தி அதில் விரிவாக வருகின்றது. அதே செப்பேடு மற்றொரு செய்தியையும் தருகின்றது. கூரத்தில் ஓர் ஏரி வெட்டப்பட்டது. அதற்கு நீர் கொணரப் பாலாற்றிலிருந்து ஒரு கால்வாய் தோண்டப்பட்டது. அக்கால்வாய்க்குப் பெரும்பிடுகு என்பது பெயர். பெரும்பிடுகு என்பது பல்லவ வேந்தர் பூண்ட பட்டப் பெயர்களுள் ஒன்று. பேரிடி என்பது அதன் பொருள். பகைவரை நடுக்கிய பெயரையே உழவர்க்கு நீர் தரும் வாய்க்காலுக்கும் இட்டனர். போர்க்களத்து வெற்றி இன்று எவர்க்கும் பயன் தரவில்லை. பல்லவர் நமக்கு விட்டுச் சென்ற உண்மையான செல்வம், ஆற்று நீரை ஏரியில் தேக்கும் கலையே ஆகும். பாலாற்றுப் படுகையில் மாமண்டூர் ஏரியும் காவேரிப்பாக்கம் ஏரியும் அக்கலையின் சான்றுகளாக இன்றும் நிற்கின்றன.

சோழர் காலத்தில் இவ்வாறு இலக்கியத்திலும் இடம்பெற்றது. முதற் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேற் சென்ற செலவைச் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடினார். காஞ்சியினின்றும் புறப்பட்ட படை கடந்த ஆறுகளை அவர் வரிசையாகக் கூறுகின்றார். அவ்வரிசையில் முதலில் நிற்பது பாலாறு. இங்கு ஓர் ஐயம் எழும். இன்று பாலாறு காஞ்சிக்குத் தெற்கே ஓடுகின்றது. வடக்கே செல்லும் படை தெற்கிலுள்ள ஆற்றைக் கடப்பது எங்ஙனம்? பாலாறு முற்காலத்தில் வடகிழக்காகக் கொற்றலை ஆற்றின் வழியே ஓடிப் பின்னர்த் திசை மாறியது என்று நில நூலார் சிலர் கருதுவர். அவ்வாற்றை விருத்த க்ஷீர நதி, அஃதாவது பழைய பாலாறு, என வழங்கும் மரபும் உண்டு. எனினும் பரணி பாலாற்றையும் குசைத்தலை ஆற்றையும் தனித்தனியே கூறுகின்றது. ஆதலின் ஒரு பாடலை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது. ஆறுகள் இடம் பெயரும் இயல்பின என்பதும், பழம்பாடலைப் படிப்போர் நிலப்படத்தையும் உடன் வைத்துக் கொள்ளல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

முக்கூடலில் உள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 1068இல் வெட்டப்பட்ட அக்கல்வெட்டு, அங்கு ஒரு வேதக் கல்லூரியும், வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலர் சாலையும் நடந்து வந்ததைக் கூறுகின்றது. அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மருந்து கொணர்வார், நோயாளரைப் பேணும் மகளிர் ஆகிய அனைவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள. மூன்று ஆறுகள் கூடும் கரையில் கல்வியும் மருத்துவமும் ஒருங்கே தழைத்தன என்பதை அறியும்போது, போர்ச் செய்திகளைக் கேட்ட செவிக்கு ஆறுதல் உண்டாகின்றது.

பதினான்காம் நூற்றாண்டில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் இந்நாட்டின்மேல் வந்தான். அவன் மனைவி கங்காதேவி இயற்றிய மதுரா விசயம் என்னும் வடமொழிக் காவியம் அப்படையெடுப்பைப் பாடுகின்றது. சம்புவராயரை வெல்லுமுன் கம்பணன் பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்தில் பாடி வீடு அமைத்ததை அக்காவியம் கூறும். கணவன் நடத்திய போரை மனைவி காவியமாக்கினாள். அதிலும் பாலாறு இடம் பெற்றது.

படைகள் மீண்டும் மீண்டும் இவ்வாற்றை நாடி வந்ததற்குக் காரணம் உண்டு. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கீழைக் கடற்கரைக்கு இறங்குவோர்க்குப் பாலாற்றுப் பள்ளத்தாக்கே இயற்கை அமைத்த வழி. வேனிலில் அது படைகளுக்குப் பாதை. மழைக்காலத்தில் அதுவே தடை. அப்பாதையைக் காக்கவே ஆம்பூரிலும் வேலூரிலும் ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் கோட்டைகள் எழுந்தன. 1749இல் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் ஆம்பூர்ப் போரில் மாண்டார். 1751இல் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றி, ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். மறு ஆண்டு கோவளத்தையும் செங்கற்பட்டையும் பிடித்தார். 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். 1856இல் தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாசா வரையில் இடப்பட்டதும் இவ்வழியை நோக்கியே ஆகும்.

இவற்றுள் மிகப் பெரியது 1780இன் போர். ஐதர் அலி பெரும்படையுடன் கருநாடகத்துள் இறங்கினார். வடக்கேயிருந்து பெய்லி என்னும் ஆங்கிலத் தளபதி, காஞ்சி நோக்கி வந்த மன்றோவின் படையோடு சேர விரைந்தார். ஆகசுட்டு 25இல் கொற்றலை ஆற்றின் வடகரையை அடைந்தபோது ஆறு கடக்கத்தக்கதாய் இருந்தது. அன்றே கடவாமல் கரையில் தங்கினார். இரவில் வெள்ளம் வந்தது. ஒரு வாரத்துக்கும் மேலாகப் படை அங்கேயே முடங்கியது. அதற்குள் மைசூர்ப் படை வழியை அடைத்தது. செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் ஐதரும் திப்புவும் பெய்லியின் படையை முற்றிலும் அழித்தனர். பெய்லி சிறைப்பட்டார். காஞ்சியில் இருந்த மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் குளத்தில் எறிந்துவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். மகேந்திரன் வென்றதாகச் செப்பேடு கூறும் அதே புள்ளலூரில், ஏறத்தாழ 1,160 ஆண்டுகளுக்குப் பின் இப்போர் நடந்தது. பாலாற்றின் உடன்பிறந்தாள் போன்ற கொற்றலையின் ஓர் இரவு வெள்ளம் ஒரு போரின் முடிவை வகுத்தது. 1782 பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகளும் மோதின. மலையடிவாரம் முதல் கடல் வரையில் பாலாற்று நாடு முழுவதும் அந்நாளில் போர்க்களமாய் இருந்தது.

இனி எல்லாவற்றினும் அரிய சான்றுக்கு வருவோம். தொண்டை நாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், பெரிய புராணத்தில் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் வரலாற்றைக் கூறுமிடத்துப் பாலாற்றை வருணிக்கின்றார். வேனிற் காலத்தில் உழவர் மணல் மேட்டைக் கையால் தடவித் திறக்க, குழந்தையின் கை பட்டதும் பால் சுரக்கும் தாயைப் போல ஆறு நீர் சுரந்து வயல்களுக்குப் பாய்கின்றது என்பது அவர் கூறும் கருத்து.

பாலாறு முன்னாளில் ஆண்டு முழுவதும் கரை புரண்டு ஓடியது. பிற்காலத்தார் செயலால் மட்டுமே வறண்டது என்று பலர் நம்புகின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் வாக்கு அந்நம்பிக்கையைத் திருத்துகின்றது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே வேனிலில் இவ்வாறு மணல் மேடாகத்தான் கிடந்தது. நம் முன்னோர் அதனை நொந்துகொள்ளவில்லை. மணலின் அடியில் நீர் இருப்பதை அறிந்து, ஊற்றுக்கால் என்னும் வாய்க்கால்களை ஆற்றிலேயே அகழ்ந்து, கசிந்து வரும் நீரை ஏரிக்கும் வயலுக்கும் நடத்தினர். மழைக்காலத்து வெள்ளத்தை ஏரிகளில் தேக்கினர். ஆற்றின் இயல்பை அறிந்து வாழ்ந்தமையே அவர்தம் அறிவு.

இவ்வுண்மையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாணவர்களை அழைத்துக்கொண்டு செங்கற்பட்டை அடுத்த பாலத்தின்மேற் செல்லும்போதெல்லாம், "ஐயா, ஆறு எங்கே?" என்று யாரேனும் ஒருவன் கேட்பான். "நீ காணும் மணல்தான் ஆறு" என்று நான் விடையளிப்பது வழக்கம். நீர் கண்ணுக்குத் தெரியாத ஆற்றில் மணலே நீரைக் காக்கும் களஞ்சியம். அம்மணலை அள்ளி விற்றால் ஆற்றையே விற்றவர் ஆவோம். ஆழமாகத் தோண்டிய பள்ளங்களால் ஊற்றுக்கால்கள் பல பயனற்றுப் போயின, கிணறுகள் தாழ்ந்தன. மேற்பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீர் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகசுட்டு 28இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு விலை தருதல் வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இந்தியா முழுமைக்கும் பயன்படும் ஒரு நீதி, பாலாற்றின் துன்பத்திலிருந்து பிறந்தது.

ஆறு இறந்துவிட்டது என்று கருதுவோர்க்கு 2021 நவம்பர் ஒரு விடை தந்தது. பல்லாண்டுகளாகக் காணாத வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது. கரையோரத்து மக்கள் அஞ்சினர். அதே வேளையில் பாலங்களின்மேல் நின்று கண்குளிரக் கண்டனர். ஆற்றின் வழியில் வீடு கட்டியவர்கள் துன்புற்றனர். அவ்வெள்ளத்தில் பெரும்பங்கு சில நாட்களில் கடலை அடைந்தது. பெரும்பிடுகு வாய்க்காலை வெட்டியவர்கள் அதனைக் கண்டிருந்தால் என்ன எண்ணியிருப்பர்?

பாலாற்றங்கரையில் வென்ற மன்னரும் தோற்ற மன்னரும் மறைந்தனர். அவர்கள் வெட்டிய ஏரிகள் நிற்கின்றன. முக்கூடல் மருத்துவமனையின் நினைவு கல்லில் நிற்கின்றது. சேக்கிழார் பாடிய தாயும் மணலுக்கடியில் இன்னும் சுரந்துகொண்டே இருக்கின்றாள். தாயின் மார்பைத் தடவிப் பாலுண்ணும் குழந்தை ஒன்று. மார்பையே அறுக்கும் மகன் மற்றொருவன். இவ்விருவருள் நாம் யாராக இருத்தல் வேண்டும் என்பதை ஏரிகளைத் தூர் வாருவதிலும், மணலைக் காப்பதிலும், கழிவைத் தடுப்பதிலுமே காட்டவியலும். அக்கடமையை ஊர்தோறும் உள்ள இளைஞர் மேற்கொள்வார்களாக என்று வேண்டி, இவ்வுரையை முடிக்கின்றேன்.