பாசிமணியும் பாலக்காட்டுக் கணவாயும்

போன மாதம் மகளுக்கு ஒரு ஆசை. கையால் வளையல் கோர்க்க வேண்டுமாம். இணையத்தில் தேடி, "அசல் இந்தியச் சூதுபவளம்" என்று போட்டிருந்த மணிச்சரம் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். பார்சல் வந்தது. நல்ல சிவப்பு. கொஞ்சம் அதிக நல்ல சிவப்பு! உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே குட்டிக்குட்டிக் குமிழ்கள். கண்ணாடி. விற்றவருக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை. சரி, போகட்டும்.

"இது நம்ம ஊருதா அப்பா?" என்று அவள் கேட்டதுதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது.

நம்ம ஊர் என்றால் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், ஆனால் வீட்டில் பேசுவது தமிழ். பஸ் ஏறினால் ஒரு பக்கம் பொள்ளாச்சி, வேலந்தாவளம் வழியாகப் போனால் கோவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி என்றால் இந்தப் பாலக்காட்டுக் கணவாய்தான். மலை ஏறாமல் மேற்குக் கடற்கரைக்குப் போக நல்ல வழி.

இந்த வழியின் கிழக்கே, சென்னிமலைக்கு மேற்கில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியது. பேராசிரியர் கா.ராஜன் பெயர் இதோடு சேர்ந்தே வரும். கிடைத்தது வெறும் மணிகள் அல்ல. தீட்டாத கல், பாதி தீட்டியது, துளை போடாமல் விட்டது, துளை போடும்போது உடைந்தது எல்லாம் கிடைத்தன. அதாவது அது பட்டறை. வாங்கி வைத்திருந்த வீடு மட்டும் என்றால் உடைந்த கல்லுக்கு அங்கே என்ன வேலை? ஒரே ஒரு ஈமக்குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள மணிகள்! செத்தவரோடு இத்தனை மணியைப் புதைக்க முடிந்த ஊர் என்று யோசித்துப் பாருங்கள். பதிற்றுப்பத்தில் 67, 74ஆம் பாடல்களில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள்.

சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. சுட்டால்தான் அதன் சிவப்பு நன்றாக ஏறும் (பெண்ணின் மணிச்சரத்தைச் சுட்டால் உருகிவிடும்!). பெரில் கல்லோ உள்ளூர்ச் சரக்கு. காங்கேயம் பக்கம் படியூரில் கிடைத்தது. ஆங்கிலேயர் 1819-20லும் அங்கே தோண்டினார்கள்.

இந்தக் கல்லெல்லாம் போன இடம் ரோம். கடலுக்குப் போக வழி கணவாய், துறைமுகம் முசிறி. பறவூர் பக்கத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் கல்மணியும் கண்ணாடி மணியும் ஏராளமாகக் கிடைத்தன. அதுதான் முசிறி என்று பலர் சொல்கிறார்கள், எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் கணவாயின் இரு பக்கமும் புதையலாக அகப்பட்டிருக்கின்றன. மேற்கே திருச்சூர் பக்கம் எய்யால், கிழக்கே கோவை பக்கம் வெள்ளலூர்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர் தன் 'இயற்கை வரலாறு' நூலின் 37ஆம் புத்தகத்தில் பெரில் பற்றி எழுதும்போது, இந்தியர்கள் படிகக் கல்லுக்குச் சாயம் ஏற்றிப் போலி பெரில் செய்கிறார்கள் என்று புகார் வைக்கிறார். ஆக, ஏமாற்று வியாபாரம் இன்றைக்கு வந்ததில்லை. அன்றைக்கு ரோமில் யாரோ ஒரு அப்பா, மகளுக்கு வாங்கிய மணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பார். செய்தவர் நம் பக்கத்துக்காரராகவும் இருந்திருக்கலாம் :-)

மகளுக்கு மேப்பில் விரலை வைத்துக் காட்டினேன். கொடுமணல், கோவை, நம்ம ஊர், பாலக்காடு, பறவூர். "அப்போ நம்ம வீட்டு வழியாவா போச்சு?" என்றாள். நம்ம பஞ்சாயத்து ரோடு வழியாகவேதான் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் அந்தக் கணவாய் வழியாகத்தான் என்றேன். கண்ணாடி மணியையே கோர்த்து வளையல் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது சென்னிமலை வரை கார் வேண்டும் என்று தம்பியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.