பகா எண்ணும் செயற்கூறும்: தில்லிப் பாடத்திட்டங்களில் ஒரு தொடக்கப் பயிற்சியின் வரலாறு

கொடுக்கப்பட்ட எண் பகா எண்ணா என்று கண்டறிதல், லீப் ஆண்டைச் சோதித்தல், காரணியப் பெருக்கம் காணுதல் ஆகியவை நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவர் எவரும் கடந்துவரும் பயிற்சிகள். இந்தியப் பள்ளிகளில் கணினி நுழைந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. இதற்கிடையில் கற்பிக்கப்படும் மொழி பேசிக்கிலிருந்து சி++க்கும், அதிலிருந்து பைதானுக்கும் மாறியது. பயிற்சிகள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. மொழிமாற்றங்களைப் படிப்படியான முன்னேற்றமாக எழுதுவதே வழக்கம். செயற்கூறு என்ற ஒரே கருத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால், அந்த வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் அமையவில்லை.

1984-85இல் மத்தியக் கல்வி அமைச்சகமும் மின்னணுவியல் துறையும் இணைந்து ‘கிளாஸ்’ என்ற கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கின. தில்லியிலுள்ள என்.சி.இ.ஆர்.டி. அதில் பங்கேற்றது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. மாணவருக்குக் கணினியை அறிமுகப்படுத்துவதே திட்டத்தின் முதன்மை நோக்கம், நிரலாளரை உருவாக்குவதன்று. எனினும் அந்தக் கணினியோடு வந்த பேசிக் மொழி தனிக் கவனத்துக்குரியது.

1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக், வரி எண்களையும் ‘கோ டு’ கட்டளையையும் நம்பியிருந்தது. அக்கட்டளை நிரலின் போக்கைப் புரிந்துகொள்ள இயலாதபடி சிக்கலாக்குகிறது என்று டைக்ஸ்ட்ரா 1968இல் எழுதிய கடிதம் கணினியியலாளர் அனைவரும் அறிந்தது. பிபிசி பேசிக் வரி எண்களைக் கைவிடவில்லை. ஆனால் பெயரிட்ட துணைநிரல்களுக்கு இடமளித்தது. அவற்றை அது இரண்டு இனங்களாகப் பிரித்தது. ஒரு பணியைச் செய்து முடிப்பது ‘ப்ராக்’. ஒரு மதிப்பைக் கணித்துத் திருப்பித் தருவது ‘எஃப்என்’. எந்த இனம் என்பது பெயரின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ‘செய்’ என்பதும் ‘சொல்’ என்பதும் வெவ்வேறு என்ற பாடம் மொழியின் எழுத்திலேயே பதிந்திருந்தது. அந்தப் பாடம் வகுப்பறையில் எவ்வளவு பேரைச் சென்றடைந்திருக்கும் என்பது வேறு கேள்வி; பள்ளிக்குச் சில கணினிகளே இருந்த காலம் அது.

மேனிலை வகுப்புகளில் சி++ நிலைபெற்றபோது இந்த வேறுபாடு ‘வாய்ட்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒதுங்கியது. மதிப்பைத் திருப்பாத செயற்கூற்றின் முன்னால் அச்சொல் வரும். ஆனால் மாணவர் முதன்முதலில் எழுதிய செயற்கூறோ பெரும்பாலும் ‘வாய்ட் மெயின்’. டாஸ் காலத்து டர்போ சி++ அதை ஏற்றுக்கொண்டது. 1998இல் வெளிவந்த பன்னாட்டுத் தரம் ஏற்கவில்லை. ‘மெயின்’ ஒரு முழு எண்ணைத் திருப்ப வேண்டும் என்பதே விதி. தரம் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் பாடநூல்கள் பழைய வடிவத்தைத் தொடர்ந்தன. ஒரு தலைமுறை செயற்கூற்றைக் கற்கத் தொடங்கியதே பிழையான திருப்புவகையோடுதான்.

2018-19 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. 11ஆம் வகுப்புக் கணினி அறிவியலைப் பைதானுக்கு மாற்றியது. 2019இல் வெளியான என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் ஆறாம் இயல் கட்டுப்பாட்டுப் பாய்வு, ஏழாம் இயல் செயற்கூறுகள். (தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இதே காலத்தில் 11ஆம் வகுப்புக்குச் சி++, 12ஆம் வகுப்புக்குப் பைதான் என்று இரண்டையும் வைத்துக்கொண்டது.) பைதானில் எல்லாச் செயற்கூறும் ‘டெஃப்’ என்றே தொடங்கும். ‘ரிட்டர்ன்’ எழுத மறந்தாலும் மொழி முறையிடாது. ‘நன்’ என்ற வெறுமையைத் திருப்பிவிட்டுப் போய்விடும். 1984இன் கணினி பெயரிலேயே காட்டிய வேறுபாடு இப்போது மாணவரின் மனத்தில் மட்டுமே இருக்க முடியும்.

தேர்வு வினாக்கள் அதை வலுப்படுத்தியிருக்கலாம். ஆனால் கோப்பொன்றைப் படித்து, குறிப்பிட்ட சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் திரையில் காட்டும் செயற்கூற்றை எழுதச் சொல்வதே 12ஆம் வகுப்பு வினாத்தாள்களில் பழக்கமான வடிவம். அச்செயற்கூற்றுக்குப் பெரும்பாலும் அளபுரு கிடையாது. அது எதையும் திருப்புவதும் இல்லை. பெயர் சூட்டிய கட்டளைத் தொகுப்பு என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இதன் விளைவைப் பகா எண் பயிற்சியில் காணலாம். இரண்டிலிருந்து தொடங்கி, எண்ணுக்கு முந்தைய எண்வரை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதியின்றி வகுபட்டால் உடனே ‘பொய்’ என்று திருப்ப வேண்டும். மடக்கு முழுவதும் முடிந்த பின்னரே ‘மெய்’. பைதானில் அந்தக் கடைசி வரி ஓர் உள்தள்ளல் வலப்புறம் நகர்ந்து மடக்குக்குள் விழுந்துவிட்டால், முதல் வகுத்தலிலேயே தீர்ப்பு வந்துவிடும். 3 முதல் 8 வரை விடைகள் சரியாகவே இருக்கும். 9 இரண்டால் வகுபடாததால் பகா எண்ணாகிவிடும். 2 கொடுக்கப்பட்டாலோ மடக்கு ஒருமுறைகூடச் சுழலாது. மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை, ‘நன்’ மட்டுமே மிஞ்சும். கட்டுப்பாட்டுப் பாய்வும் செயற்கூறும் தனித்தனி இயல்கள் என்று கற்ற மாணவருக்கு, ‘ரிட்டர்ன்’ என்பதே பாய்வை முடித்துவைக்கும் கட்டளை என்பது இங்கேதான் முதன்முறையாக உறைக்கும்.

கணினியில் இயக்கிப் பார்த்தால் சில நொடிகளில் வெளிப்படும் பிழை இது. எழுதுதாளில் அது அரை அங்குல வெற்றிடம். சி++இன் நெளிவடைப்புக்குறி தாளிலும் கண்ணுக்குத் தெரியும். கையெழுத்தில் உள்தள்ளல் மாணவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. தாளில் நிரல் எழுதவைப்பதே தவறு என்ற வாதம் மிகையானது. வெளியீட்டைக் கண்டறியச் சொல்லும் வினாக்கள், மாறிகளின் மதிப்பை வரிவரியாகக் குறித்துச் செல்லும் அரிய பழக்கத்தைத் தந்திருக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. எழுத்துத்தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என்ற பங்கீட்டில், செயற்கூற்றை எழுதியவரிடமே 2, 9, 25 ஆகியவற்றைக் கொடுத்து அது என்ன திருப்புகிறது என்று காட்டச் சொல்லும் வினாவுக்குப் பெரிய இடம் இல்லை. அப்படிக் கேட்பதற்குக் கணினிகூடத் தேவையில்லை.