கிளாஸ்கோ நகரின் குடிக்கூலிப் போர்

1915ஆம் ஆண்டு என்றதும் இலங்கை மாணவன் ஒருவனின் நினைவில் எழுவன சிங்கள–முஸ்லிம் கலவரமும் அதனையொட்டிப் பிரகடனஞ் செய்யப்பெற்ற இராணுவச் சட்டமுமேயாகும். ஐரோப்பிய வரலாறு பயில்பவனாயின் கலிப்பொலிப் போர்முனையையும் சேர்த்துச் சொல்வான். அதே ஆண்டில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மாடிப்படிகளிலே, கையில் மணியும் மாவுப்பொட்டலமும் ஏந்திய பெண்கள் நடத்திய போரைப்பற்றி நமது பாடநூல்கள் பேசுவதில்லை. ஆயினும் அப்போரின் பயனாய்ப் பிறந்த சட்டக் கருத்து கடல்கடந்து நம் நாட்டிற்கும் வந்தது. கொழும்பிலே வாடகை வீடுகளில் வாழ்ந்த நம் பாட்டன்மாரின் வாழ்வைத் தொட்டது. எனவே அதனை அறிதல் நமக்குப் பிறர் கதை கேட்பதாகாது.

கிளைட் நதிக்கரையில் அமைந்த கிளாஸ்கோ, கப்பல் கட்டுந் தொழிலாற் பெயர்பெற்றது. அங்குத் தொழிலாளர் வாழ்ந்தவை மூன்று, நான்கு மாடிகளைக் கொண்ட கற்கட்டடங்கள். ஒரு படிக்கட்டைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். மலசலகூடமும் பெரும்பாலும் பொதுவானதே. நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் ஓர் அறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்ந்தனர். கொழும்பின் தோட்டங்களில் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி விடியற்காலையில் வாளிகளுடன் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இவ்வாழ்க்கையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

1914இல் உலக யுத்தம் மூண்டது. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் கப்பற்றளங்களுக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து குவிந்தனர். வீடு கட்டுவதோ நின்றுபோயிற்று. கேள்வி பெருகி நிரம்பல் முடங்கிய நிலையிலே, 1915இன் தொடக்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தினர். சில இடங்களில் உயர்வு நூற்றுக்கு 25 வரை சென்றது. ஆண்கள் போர்முனையில் இருந்தனர். வாடகை கேட்டு வந்த முகவரை வாசலில் எதிர்கொண்டவர்கள் பெண்கள்.

அப்பெண்களுள் முதன்மையானவர் கோவன் பகுதியைச் சேர்ந்த மேரி பார்பர். கிளாஸ்கோப் பெண்கள் வீடமைப்புச் சங்கம் என்ற அமைப்பிலே அவரும், ஹெலன் குரோபேட், அக்னஸ் டொலன் முதலியோரும் உழைத்தனர். அவர்கள் வகுத்த முறை எளியது. பழைய வாடகையைக் கொடுப்போம், உயர்த்திய பகுதியைக் கொடோம் என்பதே அது. வெளியேற்ற அதிகாரி வருவதைக் காண ஒருத்தி படிக்கட்டின் அடியிற் காவலிருப்பாள். அவள் மணியடித்ததும், துணி வெளுத்துக்கொண்டிருந்தவளும் மாப் பிசைந்துகொண்டிருந்தவளும் கையிலிருந்ததோடு ஓடிவந்து படிகளை அடைத்து நிற்பர். அதிகாரி மாவில் நனைந்து திரும்பிச் செல்வார். அடுக்களைப் பொருள்களே ஆயுதங்களாயின.

ஷெட்டில்ஸ்டன் பகுதியிலே, போரிற் காயமுற்ற ஒரு போர்வீரனின் குடும்பத்தை வாடகைப் பாக்கிக்காக வெளியேற்ற முனைந்தனர். அவனுடைய புதல்வர் இருவரும் அவ்வேளை போர்முனையில் இருந்தனர். இச்செய்தி மக்களைக் கொதித்தெழச் செய்தது. தொழிலாளர் தலைவர் வில்லியம் கலகர் தமது நினைவு நூலிற் கூறும் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு பெண்ணிடம், ஏனையோர் எல்லாரும் உயர்ந்த வாடகையைக் கொடுத்துவிட்டனர் எனப் பொய்யுரைத்து முகவர் பணம் வாங்கிவிட்டார். மேரி பார்பர் கப்பற்றளத் தொழிலாளரைத் திரட்டிக்கொண்டு அம்முகவரின் அலுவலகத்திற்குச் சென்றார். வாங்கிய பணம் அங்கேயே திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அவ்வாண்டு இலையுதிர்காலத்தின் இறுதியில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் வாடகை மறுப்பில் இறங்கியிருந்தன. நவம்பர் 17ஆந் தேதி, பதினெட்டுப் பேர் நீதிமன்றுக்கு அழைக்கப்பட்டனர். பாக்கியை அவர்தம் கூலியிலிருந்தே பிடித்துவிடலாம் என்பது முகவரின் திட்டம். அன்று கப்பற்றளங்களிலிருந்து தொழிலாளர் வேலையை நிறுத்தி ஊர்வலமாக வந்து நீதிமன்றைச் சூழ்ந்தனர். பேசியவர்களுள் ஜோன் மக்லீன் என்பவரும் ஒருவர்; அவர் பள்ளி ஆசிரியர். அம்மாதமே கோவன் பள்ளிச் சபை அவரைப் பதவிநீக்கஞ் செய்தது என்பதை, ஆசிரியத் தொழில் புரியும் நாம் சற்றே நின்று நினைக்கின்றோம். வழக்குகள் கைவிடப்பட்டன. டிசம்பரிலே, சிறு வீடுகளின் வாடகையை யுத்தத்திற்கு முந்திய 1914 ஓகஸ்ட் மட்டத்தில் நிறுத்திவைக்கும் சட்டத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

அரசாங்கம் ஏன் இத்துணை விரைவாக இறங்கிவந்தது? இரக்கத்தினால் என்று கொள்வதற்கில்லை. குண்டுகளும் கப்பல்களும் தடையின்றி உற்பத்தியாக வேண்டியிருந்தன. வாடகை உயர்ந்தால் தொழிலாளர் கூலி உயர்வு கேட்பர். அதனாற் தொழிற்சாலை முதலாளிக்கே நட்டம். ஆலை முதலுக்கும் வீட்டு முதலுக்கும் இடையிலிருந்த முரண்பாட்டைப் பெண்களின் போராட்டம் வெளிக்கொணர்ந்தது. இங்கு ஒன்று கூறவேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் யாவரும் பெருஞ் செல்வரல்லர். சிறு சேமிப்பை ஒரு கட்டடத்தில் முடக்கியோரும் அவர்களுள் இருந்தனர். அதனாலேயே அச்சட்டம் ஈட்டுக் கடனின் வட்டியையும் உயரவிடாது தடுத்தது.

வாடகையைக் கட்டிப்போட்ட சட்டம் ஒரு புதிய வீட்டையும் கட்டவில்லை. இதனை உணர்ந்தவர் கிளாஸ்கோவின் ஜோன் வீட்லி. 1924இல் முதலாவது தொழிற்கட்சி அரசாங்கத்தில் அமைச்சரான அவர், உள்ளூர்ச் சபைகள் வாடகைக்கு விடும் வீடொன்றுக்கு ஆண்டுதோறும் 9 பவுண் வீதம் 40 ஆண்டுகளுக்கு அரசு மானியம் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்கீழ் ஏறத்தாழ ஐந்து இலட்சம் வீடுகள் எழுந்தன. மானியம் செங்கல்லாகவும் கூரையாகவும் மாறிப் பொதுச்சொத்தாய் நின்றது. வறியோருள் மிக வறியோர்க்கு அவ்வீடுகளின் வாடகையும் பாரமாகவே இருந்ததென்பதையும் மறைத்தலாகாது.

பிற்காலத்தில் மானியத்தின் திசை மாறிற்று. 1972இல் பழைமைவாதக் கட்சி அரசாங்கம் சபை வீடுகளின் வாடகையை உயர்த்தியது. உயர்வைத் தாங்கமாட்டாத குடும்பங்களுக்குக் கழிவு வழங்கியது. இதனை ஏற்க மறுத்த கிளே குரொஸ் சபையின் பதினொரு உறுப்பினர் தண்டப்பணமும் பதவியிழப்பும் பெற்றனர். 1980இன் சட்டம் சபை வீடுகளை விற்க வழிசெய்தது. 1988இன் சட்டம் புதிய தனியார் வாடகைகளின் கட்டை அவிழ்த்தது. அதன்பின் வாடகை உதவி என்பது, அரசின் கருவூலத்திற் புறப்பட்டு ஏழையின் கையைத் தொட்டு வீட்டுச் சொந்தக்காரரின் பையில் விழும் பணமாயிற்று. உதவி வேண்டாமென்று நாம் கூறவரவில்லை. மாத இறுதியில் அதுவே ஒரு குடும்பத்தைத் தெருவில் விழாமற் காக்கிறது. ஆயின் 2016 முதல் 2020 வரை அவ்வுதவித் தொகை உறைய வைக்கப்பட்டபோது வாடகை உறையவில்லை. இடைவெளியை நிரப்பியது குடியிருப்போரின் சோற்றுக் காசு.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1942இன் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. யுத்த நெருக்கடியில் வாடகையை முன்னைய மட்டத்தில் நிறுத்துதல், வாடகை ஒழுங்காகச் செலுத்துவோரை எளிதில் வெளியேற்றவிடாது காத்தல் ஆகிய கருத்துகள் 1915இன் வழிவந்தவை. 1972இன் வாடகைச் சட்டம் குடியிருப்போரின் பாதுகாப்பை வலுப்படுத்திற்று. அதற்கடுத்த ஆண்டு, கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த வேளையிலே, வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு அது எல்லை விதித்தது. மிகையான வீடுகளை அவற்றிற் குடியிருந்தோரே வாங்க வழிதிறந்தது. கிளாஸ்கோப் பெண்கள் கேட்டதிலும் இது பெரிய அடியெடுப்பு. ஆயின் வீட்லி உணர்ந்த குறை இங்கும் தொடர்ந்தது. வாடகைக்கு வீடு கட்டும் எண்ணம் தனியாரிடம் குன்றியது. அவ்விடத்தை நிரப்புமளவுக்கு அரசு கட்டவில்லை. 1973இல் குடியிருந்தவர் உரிமையாளரானார். அதன்பின் நகருக்கு வந்தவர் வெளியே நின்றார். 1980இல் சட்டம் தளர்த்தப்பட்டபோது கட்டுப்பாட்டின் பாதுகாப்பும் அவருக்குக் கிட்டவில்லை.

அவ்வாறு வெளியே நிற்பவர்களின் பிள்ளைகளை நாம் வகுப்பறையிற் காண்கின்றோம். ஆறு மாத முற்பணம், பின்னர் ஓராண்டு ஒப்பந்தம், அது முடிந்ததும் கூடிய வாடகை, இல்லையேல் வேறு வீடு. ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும் சில கொப்பிகள் தொலைகின்றன, சில நாட்கள் வரவு குறைகிறது. மேரி பார்பரின் கதையை வகுப்பிற் கூறிமுடித்த அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "அந்த அம்மா கூடக் குடுத்த காசு முழுக்கத் திரும்பிக் கிடைச்சதா சேர்?" என்று வினவினாள். கிடைத்தது என்றோம். அவளுடைய குடும்பம் இரண்டு ஆண்டுகளில் மூன்று வீடு மாறியிருந்தது.